கயிறு யார் கையில்?

உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

கேள்வியைப் படித்ததும், "நான் என்ன பெரிய கம்பனி முகாமையாளரா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புடைவைக் கடையில் இரண்டு பையன்களை வைத்திருப்பவர், கட்டாரில் பதினைந்து பேருக்கு ஃபோர்மனாக இருப்பவர், பாடசாலை அதிபர், பள்ளிவாசல் நிர்வாகசபைத் தலைவர், வீட்டுத் திண்ணையில் மூன்று தையல் மெஷின்களைப் போட்டு அயல் பெண்களுக்கு வேலை கொடுக்கும் சகோதரி ஆகிய எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளையை வைத்திருப்பவரும் அப்படித்தான்.

பெரிய நகரங்களில் இப்போது வங்கிகளும் கம்பனிகளும் தங்கள் உயரதிகாரிகளுக்குத் தனிப் பயிற்றுநர்களை அமர்த்துகின்றன. கிரிக்கெட் அணிக்கு ஒரு கோச் இருப்பதைப் போல முகாமையாளருக்கும் ஒரு கோச். இதன் வேர் உண்மையிலேயே விளையாட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த டிமோதி கால்வே என்பவர் 1974-ல் ஒரு நூல் எழுதினார். மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று அடுக்கடுக்காகச் சொல்லச் சொல்ல மாணவனின் ஆட்டம் கெட்டுப்போகிறது என்பதை அவர் கண்டிருந்தார். பிரிட்டனில் கார்ப் பந்தய வீரராக இருந்த ஜோன் விட்மோர் அந்த எண்ணத்தைத் தொழிலகங்களுக்குக் கொண்டுவந்து 1992-ல் ஒரு நூல் எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், மேலே இருப்பவர் கட்டளைகளைக் குறைத்துக் கேள்விகளைக் கூட்ட வேண்டும். வேலை செய்பவன் தன் குறையைத் தானே காண உதவ வேண்டும் என்பதே அவர்களுடைய வழி.

நல்ல வழிதான். நமக்கு அதில் சண்டை இல்லை. மூன்று நாள் ஹோட்டலில் இருந்து சாப்பிட்டுச் சான்றிதழோடு திரும்பி, மறுநாள் காலையே பியூன் பையனைத் திட்டத் தொடங்கும் அதிகாரிகளைப் பற்றித்தான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அதனால் ஹோட்டலை விட்டுவிட்டு நம் மன்னார்க் கடலுக்கு உங்களை அழைத்துப்போகலாம் என்று நினைக்கிறேன். ஒருவனுக்கு மேலாளாக இருப்பதென்றால் என்ன என்பதை அங்கே நம் முன்னோர் தினமும் உயிரைப் பணயம் வைத்துப் படித்தார்கள்.

ஒருவருக்கு ஒருவர்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரைக்கு எதிரே, கடலடியில் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பார்கள். சேவல்பார், பெரியபார் என்ற பெயர்களை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். முத்துச் சலாபம் நடக்கும் ஆண்டுகளில் அந்த வெறும் மணற்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்பிவிடும். கடையும் நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் வந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் முஸ்லிம்கள் வருவார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பரதவர் வருவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்து குளித்தார்கள்.

1803-ல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ரொபட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஒரு படகின் அமைப்பை விவரித்திருக்கிறார். படகை நடத்தும் தண்டல் ஒருவர். அவரைத் தவிர இருபது பேர். அவர்களில் பத்துப் பேர் கடலில் இறங்குபவர்கள். மற்றப் பத்துப் பேர் தண்டு வலிப்பவர்கள். குளிப்பவர்களைக் கயிற்றால் மேலே தூக்குபவர்களும் அவர்களே. நூறு ஆண்டுகள் கழிந்து 1905-ல் நடந்த மாபெரும் சலாபத்தின் கணக்கும் இருக்கிறது. 318 படகுகள், கிட்டத்தட்ட 5,000 குளிகாரர்கள், கயிறு பிடித்தவர்களும் கிட்டத்தட்ட 5,000 பேர். அந்த ஆண்டு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது.

கோடிகளையும் இலட்சங்களையும் விட்டுவிடுங்கள். குளிப்பவர்களின் தொகையும் கயிறு பிடிப்பவர்களின் தொகையும் நூறு வருடத்துக்குப் பிறகும் ஒன்றுக்கு ஒன்றாகவே நிற்பதைக் கவனித்தீர்களா? இலாபம் தேடிப் போன தொழில் அது. பத்துக் குளிகாரருக்கு மூன்று கயிற்றாள் போதும் என்று எந்தச் சம்மாட்டியும் சிக்கனம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. பண்ணியிருந்தால் அடுத்த நாள் அந்தப் படகில் ஏற ஒருவனும் வந்திருக்க மாட்டான்.

வேலை நடந்த விதம் இதுதான். முப்பது, நாற்பது இறாத்தல் கல் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். குளிப்பவர் அதில் கால் வைத்து, மூச்சை இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சரசரவென்று இறங்குவார். அடி தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் ஒரு நிமிட அளவில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார். அந்த அசைவு மேலே தெரிந்ததும் இழுக்க வேண்டும். உடனே இழுக்க வேண்டும்.

மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சிப்பியை எப்படிப் பிடுங்குவது என்று அங்கிருந்து கத்தினாலும் கேட்காது. அவரிடம் இருப்பதெல்லாம் கயிற்றில் வரும் அசைவு ஒன்றுதான். அதை உணரும் கை வேண்டும். வேறெங்கும் பராக்குப் பார்க்காத கண் வேண்டும். கால்வேயும் விட்மோரும் நூல் எழுதிச் சொன்ன காரியம் இந்தக் கயிற்றில் இருக்கிறது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. ஐந்து பேர் இறங்கி ஏறியதும் மற்ற ஐந்து பேர் இறங்குவார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர். ஆகவே கீழே ஒருவர் இருக்கும்போது, சற்று முன்தான் அதே ஆழத்திலிருந்து ஏறி வந்தவர் கயிற்றாளின் பக்கத்தில் நனைந்த உடம்போடு இருக்கிறார். இன்று நீரோட்டம் எப்படி, தண்ணீர் கலங்கலா தெளிவா என்பது அவருக்குத் தெரியும். நம் தொழிலிடங்களில் மேலாளின் காதுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்? பெரும்பாலும் கணக்குப்பிள்ளை, இல்லாவிட்டால் முகத்துதி செய்பவர். கீழே போய் ஏறி வந்தவருக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம்.

மேய்ப்பரும் மஷூராவும்

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ மேடையில் அடிக்கடி கேட்பதால் நமக்கு அது பழகிப்போய்விட்டது. அதில் ஆட்சியாளரும் வருகிறார், குடும்பத் தலைவரும் வருகிறார், கணவன் வீட்டில் பொறுப்பிலுள்ள மனைவியும் வருகிறார், எஜமானின் பொருளைக் காக்கும் பணியாளரும் வருகிறார். பொறுப்பு மேலேயிருந்து கீழே வரை படிப்படியாக இறங்குகிறது. யாருமே வெறும் ஏவலாளாக விடப்படவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் கீழிருந்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி. ஒருமுறையேனும் சலித்து 'ச்சீ' என்று தம்மைச் சொன்னதில்லை. செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சிறு பையனாக வந்து சேர்ந்தவர் அவர். சிறு பையன்கள் வேலையில் பிழை விடாமலா இருந்திருப்பார்கள்? நம் கடையில் ஒரு கண்ணாடிப் போத்தல் உடைந்தால் எத்தனை பேர் காதில் விழும்படி கத்துகிறோம்! அடுத்த முறை உடையும்போது அந்தப் பையன் அதை மறைப்பான். அதாவது கயிற்றை அசைக்க மாட்டான். கத்தியதால் நமக்கு வந்த நட்டம் அதுதான்.

கலந்தாலோசிப்பதைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். பத்ரில் படை தங்கும் இடத்தைப் பற்றி ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) வேறு யோசனை சொன்னார்கள். நபியவர்கள் இடத்தை மாற்றினார்கள். அகழ்ப்போரில் அகழி வெட்டும் யோசனை ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களுடையது. மண்ணைச் சுமந்தவர்களில் நபியவர்களும் ஒருவர். இவை நமக்குத் தெரிந்தவை. உஹதைத்தான் நாம் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது என் எண்ணம்.

உஹதுக்கு முன்னால் மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் விருப்பமாக இருந்தது. இளைஞர் பலர் வெளியே போய்ப் போரிட வேண்டும் என்றார்கள். நபியவர்கள் அதற்கு இணங்கினார்கள். போர்க்களத்தில் வில்லாளிகள் தங்கள் இடத்தை விட்டு இறங்கினார்கள், எழுபது பேர் அளவில் ஷஹீதானார்கள், நபியவர்களே காயமுற்றார்கள். நம்மில் ஒருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "உங்கள் பேச்சைக் கேட்டதால்தான் இந்தக் கதி, இனி நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள்" என்றுதானே? ஆனால் அதற்குப் பின்னர் இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம் வேறு வழி காட்டுகிறது. அவர்களுடன் மென்மையாக இருந்ததும், கடுமையாக இருந்திருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பார்கள் என்பதும் அதில் சொல்லப்படுகிறது. அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடி, காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்குமாறு அல்லாஹ் பணிக்கிறான். ஆலோசனை கேட்டுத் தோல்வி வந்த பிறகும் ஆலோசனையைக் கைவிட அனுமதி இல்லை! கூட்டம் கூட்டி ஒருமுறை யோசனை கேட்டு, அது சரிவராமல் போனதும் ஆயுளுக்கும் வாய் திறக்க விடாத முதலாளிமார் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓத வேண்டும்.

மூன்று குவியல்

மறுபடி கரைக்கு வருவோம். சூரியன் உச்சிக்கு வந்ததும் பீரங்கி ஒன்று வெடிக்கும். அதோடு அன்றைய குளிப்பு முடிந்தது; இன்னொரு முறை இறங்கிப் பார்க்கிறேன் என்ற பேச்சு கிடையாது. படகுகள் கடற்காற்றில் பாய் விரித்துக் கரைக்குத் திரும்பும். சிப்பிகளை வேலியடைத்த அரசாங்க வளவுக்குள் கொண்டுபோவார்கள். அங்கே குளிகாரர்களே தங்கள் சிப்பிகளை மூன்று சமக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். பிறகு அரசாங்க அதிகாரி வருவார். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, எந்த ஒன்று அவர்களுக்கு என்று அவர்தான் காட்டுவார்.

பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் வேறொருவர். எது தன் பங்காகும் என்று தெரியாததால் பிரிப்பவரின் கை தானாகவே நேராக நடக்கிறது. மூன்றில் இரண்டை அரசாங்கம் எடுத்தது நியாயமா என்றால், என்னைக் கேட்டால் நியாயமில்லை என்பேன். உயிரைக் கொடுத்தவன் கீழே போனவன். ஆனால் பிரித்த முறையில் ஒளிவுமறைவு இல்லை. தன் பங்கு எவ்வளவு என்பது அன்று மாலையே ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு கூறும் நபிமொழியை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் நம் கடைகளில் மேலதிக நேரக் கூலியும் பெருநாள் கொடுப்பனவும் எப்போது, எந்தக் கணக்கில் வரும் என்று வேலையாளுக்குத் தெரியுமா? நோன்புக் காலத்தில் இரவு பதினொரு மணி வரை நிற்கும் பையன்களின் முறை நேரப் பட்டியலை நீங்களே எழுதி நீங்களே தெரிவு செய்யாமல், ஒருமுறை அவர்களையே எழுத விட்டுப் பாருங்கள்.

அந்தப் படகுகளில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர் இல்லாமல் பல குளிகாரர்கள் இறங்க மறுத்தார்கள். அது பரம்பரைத் தொழில். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதில் துளியும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். பாதுகாவல் அல்லாஹ்விடம் மட்டுமே என்று நம்பும் நமக்கு அந்த மந்திரத்தில் பங்கில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. இறங்கப் போகிறவனின் பயத்தை அந்த அதிகாரிகள் கேலி செய்து தள்ளிவிடவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை, "எனக்குப் பயமாக இருக்கிறது சேர்" என்று சொன்னால் நாம் சிரிக்கிறோம். சிரிக்காமல் துஆவைச் சொல்லிக்கொடுத்து, முதல் நாள் பக்கத்தில் நிற்கலாமே!

இலண்டனிலிருந்து வந்த இலக்கு

1905-ன் வருமானத்தைக் கண்டு வாயூறி இலண்டனில் ஒரு கம்பனி உருவானது. 1906-ல் முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடம் 3,10,000 ரூபா கட்ட வேண்டும். ஆனால் பார்கள் வருடந்தோறும் விளையும் வயல் அல்ல. 1891-க்குப் பிறகு 1903 வரை ஒரு சலாபமும் நடந்திருக்கவில்லை. நீரோட்டம், மணல் மூடுதல், சிப்பி தின்னும் மீன்கள் என்று எத்தனையோ காரணம். கரையில் இருந்த எந்தக் கிழவருக்கும் இது தெரியும். 1907-க்குப் பின்னர் கம்பனிக்குச் சலாபம் வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. கடைசிப் பெரிய சலாபம் 1925-ல் நடந்தது. கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு நல்ல வருடத்தைப் பார்த்து இருபது வருடத்துக்கு இலக்கு வைத்தவர்கள், பாரில் இறங்கி ஏறியவர்களிடம் கேட்டிருந்தால் கையெழுத்தை யோசித்துப் போட்டிருப்பார்கள். இன்றைக்கும் "போன பெருநாளுக்கு இவ்வளவு விற்றாய், இந்தப் பெருநாளுக்கு இரட்டிப்பாக்கு" என்று சொல்லும் முகாமையாளர்கள் இருக்கிறார்கள்.

பதவி இல்லாத தலைவர்கள்

தலைமைத்துவத்தைப் பற்றி எழுதிவிட்டு 1990 ஒக்டோபரை விட்டுவிட முடியாது. வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளத்து முகாம்களில் தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். நிவாரணப் பட்டியல் எழுத ஆள் வேண்டும். ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும். நியமனக் கடிதம் கொடுக்க யாரும் இருக்கவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் செய்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் வாழ்ந்து, அங்கேயே சமூக நிறுவனம் ஒன்றை நடத்திய ஜன்சிலா மஜீத் அவர்களுக்கு 2010-ல் அமெரிக்க அரசு துணிவுமிக்க பெண்களுக்கான சர்வதேச விருதை வழங்கியது. விருது கிடைக்காத ஜன்சிலாக்கள் ஒவ்வொரு முகாமிலும் இருந்தார்கள்.

அவர்களிடம் கற்ற பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். கயிற்றை அடுத்தவர் கையில் கொடுப்பதும் மேலாளின் வேலைதான். இருபது வயதைத் தாண்டாத உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களை, மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்குத் தளபதியாக நபியவர்கள் நியமித்தார்கள். முணுமுணுப்பு எழுந்தபோதும் மாற்றவில்லை. நம் சங்கங்களில் முப்பது வருடமாக ஒரே தலைவர், ஒரே செயலாளர்; பிறகு, "இந்தக் காலத்துப் பொடியன்களுக்குப் பொறுப்பில்லை" என்று குறைப்படுகிறோம். பொறுப்பைக் கொடுத்தால் அல்லவா பொறுப்பு வரும்?

முத்துக்குளிப்பு முடிந்துபோனாலும் அந்தக் கடலில் இறங்குபவர்கள் முடியவில்லை. நம் வாலிபர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்குகிறார்கள். மூச்சுப் பிடித்து இறங்கிய வாப்பாமாரைவிட இவர்கள் அதிக நேரம் அடியில் இருக்கலாம், அதுவேதான் ஆபத்தும். ஆழத்தில் நெடுநேரம் இருக்கையில் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகி நரம்பைத் தாக்கும்; கைகால் விழுந்துபோவதும் உண்டு, மௌத்தாவதும் உண்டு. எத்தனை நிமிடம் கீழே, எவ்வளவு மெதுவாக மேலே, அடுத்த இறக்கத்துக்கு முன் எவ்வளவு ஓய்வு என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கீழே போனவன் அட்டையைத் தேடுவதில் நேரத்தை மறந்துவிடுவான். படகுச் சொந்தக்காரர்களே, உங்களுக்குத்தான் கேட்கிறேன்: உங்கள் வள்ளத்தில் ஒரு மணிக்கூடும், இறங்கிய நேரத்தை எழுத ஒரு கொப்பியும் இருக்கின்றனவா? அதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே தன் வேலை என்று ஓர் ஆள் இருக்கிறாரா? அன்றைய அட்டையின் விலை என்னவாக இருந்தாலும், "இன்றைக்குப் போதும், ஏறு" என்று சொல்ல அவருக்கு நீங்கள் அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களா?